இரு வாக்கியங்களுக்கு நடுவே

ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டத்தில் உள்ள சிறிய பட்டணம் லாபிஸ். 1909ஆம் ஆண்டில் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை முழுமை பெற்ற இருப்புப்பாதையில், சிகாமட்டுக்கும் குளுவாங்கிற்கும் இடையே அது அமைந்திருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவ்வட்டாரத்து மக்கள் ஆற்றின்மீது ஒரு கண் வைத்தபடியே இருப்பார்கள். 2006 டிசம்பரிலும், 2011 ஜனவரி இறுதியிலும், 2023 மார்ச் மாதத்திலும் சிகாமட் மாவட்டம் பெருவெள்ளத்தைக் கண்டது.

அந்த ஊரில் நான்காம் படிவத்தில் பயிலும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'எங்கள் ஊரில் வெள்ளம்' எனும் தலைப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதுமாறு ஆசிரியர் பணித்திருக்கிறார். அவளும் எழுதிக் கொடுத்தாள். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது: இணைப்புச் சொற்கள் போதவில்லை.

ஆசிரியர் சொன்னது நியாயமே. எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளில் உள்ளடக்கம், தொடர்பாடல், ஒழுங்கமைப்பு, மொழி ஆகிய நான்கு கூறுகளைக் கொண்டு கட்டுரையை மதிப்பிடுகிறார்கள். ஒழுங்கமைப்பு என்னும் கூற்றில் இணைப்புச் சொற்களுக்குத் தனி இடம் உண்டு. மாணவியின் பயிற்றுப் புத்தகத்தின் பின்னட்டையில் அத்தகைய சொற்களின் பட்டியல் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. உங்கள் புத்தகத்திலும் இருக்கலாம். அவள் அப்பட்டியலிலிருந்து சில சொற்களை எடுத்துக் கட்டுரையில் பொருத்தினாள். அப்பகுதியைத் தமிழில் கீழே தருகிறோம். இணைப்புச் சொற்களை மட்டும் ஆங்கில ஒலியிலேயே விட்டிருக்கிறோம்.

"மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மோரோவர், ஆற்று நீர் கரையைக் கடந்தது. ஃபர்தர்மோர், ஒலிபெருக்கியில் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆல்தோ எச்சரிக்கை வந்தது, பட் பாட்டி வீட்டை விட்டு வெளியேறவில்லை. ஆன் தி அதர் ஹேண்ட், மறுநாள் மீட்புப் படகு வந்தது."

ஐந்து வாக்கியங்களில் ஐந்து இணைப்புச் சொற்கள். பார்வைக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆயினும், முன்பு வெறும் வாக்கியங்களாக இருந்தபோது அவற்றில் தவறு ஏதும் இல்லை. இப்போது ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு தவறு இருக்கிறது. அஃது எப்படி நேர்ந்தது?

முதலில் 'மோரோவர்'. தமிழில் இதை 'மேலும்' என்போம். ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, அதே பக்கத்தில் நிற்கும் இன்னொரு கருத்தைச் சேர்க்கும்போது இச்சொல் வரும். 'இந்தக் கடையில் விலை குறைவு. மேலும், பொருளும் தரமானது' என்று சொல்லலாம். இரண்டையும் முன்பின்னாக மாற்றினாலும் பொருள் கெடாது. இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். மழையையும் ஆற்றையும் அப்படி இடம் மாற்ற முடியுமா? முடியாது. மழை பெய்தது, அதன் விளைவாக ஆறு கரையைக் கடந்தது. ஒன்று காரணம், மற்றது காரியம். அங்கே 'ஆஸ் எ ரிசல்ட்' என்பதே பொருந்தும். 'மோரோவர்' என்று எழுதியவுடன் மழையும் வெள்ளமும் தொடர்பில்லாத இரண்டு துன்பங்களாக மாறிவிட்டன.

இவ்விடத்தில் நம் தமிழ்க் கட்டுரைகளையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பத்தி 'மேலும்' என்று தொடங்கும். அடுத்தது 'அதுமட்டுமின்றி' என்று தொடங்கும். அதற்கடுத்தது 'இதனைத் தொடர்ந்து' என்று வரும். ஆங்கிலக் கட்டுரையில் இறுதிப் பத்தி வந்தால் 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' எங்கிருந்தோ வந்து நின்றுவிடும். கருத்துகளுக்கு இடையே என்ன உறவு என்று யோசிக்காமல், பத்திக்கு ஒரு கதவு வேண்டுமே என்பதற்காக வைக்கப்படும் சொற்கள் இவை. எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளின் மூன்றாம் பகுதியில் 200 முதல் 250 சொற்கள் எழுத வேண்டும். அதில் வேலை செய்யாத சொற்களுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

இரண்டாவது 'ஃபர்தர்மோர்'. எச்சரிக்கை எப்போது வந்தது? ஆறு பெருகுவதற்கு முன்பா, பெருகிய பிறகா? படிப்பவருக்கு மிகவும் தேவையான செய்தி இது. முன்பே வந்திருந்தால் 'பிஃபோர் தட்' என்று எழுத வேண்டும். பிறகு வந்திருந்தால் 'பை தென்', அதாவது 'அதற்குள்', என்று தொடங்கி வாக்கியத்தையே மாற்றியமைக்க வேண்டும். மாணவிக்கு அது சரியாகத் தெரியவில்லை. தெரியாததை 'ஃபர்தர்மோர்' மறைத்துவிட்டது. நல்ல இணைப்புச் சொல்லைத் தேடும்போதுதான் நமக்கு எது தெரியாது என்பதே தெரியவரும்.

'ஆன் தி அதர் ஹேண்ட்' என்பதை 'மறுபுறம்' எனலாம். ஒரே பொருளுக்கு இரண்டு பக்கங்கள் இருக்கும்போதுதான் அதற்கு வேலை உண்டு. 'பழைய வீடு ஆற்றுக்கு அருகில் இருக்கிறது. மறுபுறம், அங்கிருந்து சந்தைக்கு நடந்தே போகலாம்' என்பது சரி. படகு வந்தது எதற்கும் மறுபுறம் அன்று. அடுத்து நடந்த நிகழ்ச்சி. 'மறுநாள் காலையில்' என்று எழுதினாலே போதும். காலத்தைக் குறிக்கும் எளிய சொற்களும் இணைப்புச் சொற்களே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இச்சொற்றொடரோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று 'ஆன் தி கான்ட்ரரி'. அது முன்னே சொன்னதை மறுத்து, நேர் எதிரானதை நிறுத்தும். 'வெள்ளம் வடியவில்லை, மாறாக, இன்னும் உயர்ந்தது' என்னும் வாக்கியத்தில் வரும் 'மாறாக' அதற்கு ஈடானது.

இனி, நடுவில் உள்ள வாக்கியம். 'ஆல்தோ எச்சரிக்கை வந்தது, பட் பாட்டி வெளியேறவில்லை.' ஆங்கில இலக்கணப்படி 'ஆல்தோ', 'பட்' இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். 'ஆல்தோ' ஒரு வாக்கியத்தைச் சார்பு வாக்கியமாக்கி மற்றொன்றில் சாய்த்து வைக்கும். 'பட்' இரண்டு சமமான வாக்கியங்களை இணைக்கும். ஒரே நேரத்தில் சாய்த்தும் வைத்து, சமமாகவும் நிறுத்த முடியாது. 'பிகாஸ்', 'சோ' இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவதும் இதே வகைத் தவறுதான்.

'ஹவெவர்' பற்றியும் ஒரு வார்த்தை. பொருளில் அது 'பட்' போன்றதே. ஆனால், இரு வாக்கியங்களுக்கு நடுவே வெறும் காற்புள்ளியை வைத்து 'ஹவெவர்' என்று ஒட்ட முடியாது. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வர வேண்டும். பின்னால் காற்புள்ளி வர வேண்டும். காரணம், 'பட்' இரு வாக்கியங்களையும் பிணைக்கும் சொல். 'ஹவெவர்' தன் வாக்கியத்திற்குள்ளேயே நின்றுகொண்டு முந்தைய வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்கும் சொல்.

தமிழ் மாணவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் ஏன் ஏற்படுகிறது? அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ் இவ்வேலையை வேறு வழியில் செய்கிறது. 'பெய்' என்னும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பெய்ததால், பெய்தும், பெய்தாலும், பெய்தால், பெய்யாவிட்டால், பெய்தபோது, பெய்தபின், பெய்யுமுன். காரணம், முரண், நிபந்தனை, காலம் என எல்லா உறவுகளும் வினையின் வாலிலேயே வந்துவிடுகின்றன. ஆங்கிலமோ அவ்வுறவைத் தனிச்சொல்லாக்கிப் பெரும்பாலும் வாக்கியத்தின் தலையில் வைக்கிறது. 'ஆல்தோ' என்று கேட்ட மாத்திரத்தில் ஆங்கிலம் படிப்பவர், வரப்போவது எதிர்பார்ப்புக்கு மாறானது என்று தயாராகிவிடுவார். தமிழ் படிப்பவர் 'எச்சரிக்கை' என்ற சொல்லைத் தாண்டி 'வந்தும்' என்பதன் கடைசி எழுத்துவரை காத்திருக்க வேண்டும். தலையில் ஒன்று வைத்துவிட்ட பிறகும், வாலிலும் ஒன்று இருந்தால்தான் வாக்கியம் முடிந்தது போலத் தமிழ்க் காதுக்குத் தோன்றுகிறது. அதனால்தான் 'பட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

வாலில் வைப்பது எளிய வழி என்று எண்ணிவிட வேண்டாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் ஏழாவது இயல் இடையியல். பெயரையும் வினையையும் சார்ந்தே இடைச்சொற்கள் இயங்கும், அவற்றுக்குத் தனித்த இயக்கம் இல்லை என்று அவ்வியல் தொடங்குகிறது. 'உம்' என்னும் ஒரே இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள்களைக் கூறுகிறார். 'மழையும் காற்றும்' என்றால் எண்ணிக்கை. 'மூவரும் வந்தனர்' என்றால் எவரும் மீதி இல்லை என்னும் முற்றுப்பொருள். 'பாட்டியும் வந்தார்' என்றாலோ, வேறு யாரோ வந்தார் என்னும் செய்தி சொல்லாமலே அதற்குள் அடங்கியிருக்கிறது. 'உம்' என்பதை நீக்கிவிட்டால் அந்த வேறொருவரும் மறைந்துவிடுகிறார்.

ஆங்கிலத்திலும் ஒரே சொல் இரண்டு வேலை செய்வதுண்டு. 'சின்ஸ்' என்பது 'அப்போது முதல்' என்றும் பொருள்படும். 'ஆகையால்' என்றும் பொருள்படும். 'சின்ஸ் பாலம் மூழ்கியது, நாங்கள் வெளியே போகவில்லை' என்பதைப் படிப்பவர் பாலம் மூழ்கிய நாளை எண்ணுவாரா, காரணத்தை எண்ணுவாரா? ஐயம் எழும் இடத்தில் 'பிகாஸ்' என்று எழுதிவிடுவது நல்லது. 'வைல்' என்னும் சொல்லும் அப்படித்தான்: ஓரிடத்தில் 'அதே வேளையில்', இன்னோரிடத்தில் 'ஆனால்'.

இணைப்புச் சொல் மதிப்பெண்ணுக்காக மட்டும் உள்ளதன்று. நம் நாட்டின் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1957ஆம் ஆண்டு விடுதலை நாளன்று நடப்புக்கு வந்த அச்சட்டத்தின் 152ஆவது பிரிவு, மலாய்மொழியே தேசிய மொழி என்று கூறுகிறது. வாக்கியம் அங்கே முற்றுப்புள்ளி பெறவில்லை. ஆங்கில வடிவத்தில் ஒரு முக்காற்புள்ளியும், 'புரொவைடட் தட்' என்னும் இரண்டு சொற்களும் தொடர்கின்றன. 'ஆயினும், பின்வருவனவற்றுக்கு உட்பட்டு' என்று அதனை நாம் விரித்துக்கொள்ளலாம். அதன்கீழ் இரு செய்திகள் உள்ளன. அலுவல் காரியங்களுக்கு அல்லாமல் வேறெந்த மொழியைப் பயன்படுத்துவதையும், எந்த மொழியையும் கற்பிப்பதையும் கற்பதையும் எவருக்கும் தடை செய்யக் கூடாது என்பது ஒன்று. நாட்டிலுள்ள மற்றச் சமூகங்களின் மொழிப் பயன்பாட்டையும் மொழிக்கல்வியையும் பேணிக் காக்கக் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உள்ள உரிமைக்கு ஊறு நேராது என்பது மற்றொன்று.

அந்த இரண்டு சொற்களை எடுத்துவிட்டு அங்கே வேறு சொற்களை வைத்துப் பாருங்கள். 'ஆகவே' என்று வைத்தால் பொருளே வராது. 'மேலும்' என்று வைத்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விதிகள் அடுத்தடுத்து நிற்கும். வெறும் முற்றுப்புள்ளி வைத்தால், இரண்டும் மோதும்போது எது முந்தும் என்று வழக்கறிஞர்கள் வாதிடுவார்கள். 'புரொவைடட் தட்' என்பது முன்னதைப் பின்னதோடு சேர்த்தே படிக்கச் செய்கிறது. தேசிய மொழியின் இடமும் பிற மொழிகளைக் கற்கும் உரிமையும் ஒரே வாக்கியத்தின் இரு பகுதிகளாக நிற்கின்றன. இந்தப் பாடத்தை நீங்கள் தமிழில் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, லாபிஸ் மாணவியிடம் திரும்புவோம். அவள் 'பட்' என்பதை அடித்துவிட்டாள். 'ஆல்தோ எச்சரிக்கை வந்தது, பாட்டி வெளியேறவில்லை.' இப்போது இலக்கணம் சரி. மதிப்பெண்ணும் குறையாது. ஆனால், அவ்வாக்கியம் பாட்டியைப் பற்றி என்ன சொல்கிறது?

'ஆல்தோ' என்னும் சொல்லுக்குள் ஓர் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. எச்சரிக்கை வந்தால் மக்கள் வெளியேறுவார்கள், பாட்டி வெளியேறவில்லை, எனவே பாட்டி பிடிவாதக்காரர். 'பிடிவாதம்' என்ற சொல் கட்டுரையில் எங்கும் இல்லை. ஆயினும், படிப்பவர் மனத்தில் அது பதிந்துவிடும். அதே இரு செய்திகளை 'பாட்டி வெளியேறவில்லை, பிகாஸ் எச்சரிக்கை அவர் காதில் விழவில்லை' என்று எழுதினால், படிப்பவர் பாட்டியை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பற்றி யோசிப்பார். அறிவிப்பு எந்த மொழியில் இருந்தது, எத்தனை முறை சொன்னார்கள், தோட்டத்துக் கடைசி வீடு வரை வண்டி போனதா என்று கேட்பார். முதல் வாக்கியத்தில் பழி ஒருவர்மேல் விழுகிறது. இரண்டாவதில் வேறிடத்தில் விழுகிறது. மாறியது ஒரு சொல்லும் அது இழுத்து வந்த ஒரு செய்தியும்தான்.

வெள்ளம் வடிந்த பிறகு எழுதப்படும் புகார்க் கடிதங்களிலும், உதவி கோரும் மனுக்களிலும், நாளிதழ்ச் செய்திகளிலும் இது நாள்தோறும் நடக்கிறது. 'எச்சரித்தும் வெளியேறவில்லை' என்று படித்தவுடன் நாம் தலையாட்டிவிடுகிறோம். அந்த 'உம்' எவ்வளவு சரி என்று யாரும் கேட்பதில்லை.

எந்தச் சொல் சரி என்று பின்னட்டைப் பட்டியல் மாணவிக்குச் சொல்லாது. ஆசிரியருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். அன்று மாலை அவள் பாட்டியிடம் போய் உட்கார்ந்தாள்.

"ஏன் பாட்டி, அன்னிக்கு மைக்குல சொன்னது உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு. முந்தின தடவையும் இப்படித்தான் சொன்னாங்க. சாமானெல்லாம் தூக்கிக்கிட்டு மண்டபத்துக்குப் போனோம். பாத்தா, தண்ணி வாசப்படியோட நின்னுடுச்சி. வீட்ட பூட்டாம போயிட்டோம்னு உங்க தாத்தா ராவெல்லாம் தூங்கல. அதான், இந்தத் தடவ இருந்து பாப்போம்னு இருந்துட்டேன்."

மாணவி பென்சிலை எடுத்தாள். பாட்டி பிடிவாதக்காரரும் இல்லை. காது கேளாதவரும் இல்லை. போன முறை நடந்ததை வைத்து இந்த முறை எடுத்த முடிவு அது. கணக்குத் தப்பியது, அவ்வளவுதான். அந்தக் கணக்கு முழுவதும் பாட்டி சொன்ன 'அதான்' என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. பேச்சில் நாம் ஒரு நாளில் எத்தனை முறை 'அதான்' என்கிறோம்! அதுவும் ஓர் இணைப்புச் சொல்தான். ஆனால், பட்டியலில் அதற்கு இடமில்லை. அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். 'தேர்ஃபோர்' எழுதிப் பார்த்தாள். கணக்குப் பாடத்து விடை போல இருந்தது. 'சோ' எழுதினாள், அதில் பாட்டியின் குரல் கொஞ்சம் கேட்டது.

மறுநாள் அவள் ஆசிரியரிடம் கொடுத்த பத்தி, தமிழில் இப்படி அமையும்:

"மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அதன் விளைவாக, ஆற்று நீர் கரையைக் கடந்தது. அதற்கு முதல் நாள் மாலையிலேயே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். பாட்டிக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால், முந்தைய வெள்ளத்தில் தண்ணீர் எங்கள் வாசற்படியோடு நின்றுவிட்டது. அதனால், இம்முறையும் அப்படியே நடக்கும் என்று நம்பி அவர் வீட்டிலேயே இருந்தார். மறுநாள் காலையில் மீட்புப் படகு வந்தபோது தண்ணீர் சன்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது."